அங்காடித் தெருவும் ஒரு முக்காலியும்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் புத்தாடை எடுப்பது நம் குடும்பங்களில் ஆண்டுக்கொரு முறை நிகழும் ஒரு சிறு திருப்பயணம். நாமும் சென்ற டிசம்பரில் அப்பயணத்தை மேற்கொண்டோம். எண்பதை நெருங்கும் அத்தையையும் உடன் அழைத்துக்கொண்டு, வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடிக்கு மின்தூக்கியில் ஏறினோம். கடையின் பெயர் ஈண்டு வேண்டியதில்லை. அங்கே கண்டது அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதன்று.

சேலைப் பிரிவில் எங்களை எதிர்கொண்டவள் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அத்தை அமர ஒரு நாற்காலி இட்டாள். நமக்கும் ஒன்று வந்தது. பின்னர் அவள் சேலைகளை எடுத்து விரிக்கத் தொடங்கினாள். ஒன்று நிறம் சரியில்லை, ஒன்று கரை அகலம், ஒன்று விலை கூடுதல் என்று நாம் சொல்லச் சொல்ல, அவள் முகம் சுளிக்காமல் அடுத்ததை எடுத்தாள். எண்ணிப் பார்க்கவில்லை, முப்பதுக்குக் குறையாது. மேசை நிறையச் சேலைகள் மலைபோல் குவிந்தன. ஒரு கட்டத்தில் அத்தை கேட்டார்: "ஏ தாயி, கால் கடுக்கலையா? செத்த நேரம் உக்காரேன்."

அவள் சிரித்தாள். "பழகிட்டு ஆச்சி" என்றாள்.

அவளுக்குப் பின்னால் அலமாரியை ஒட்டி ஒரு முக்காலி இருந்தது. அதன்மேல் இரவிக்கைத் துணிப் பெட்டிகள் மூன்று அடுக்கப்பட்டிருந்தன. நாம் அன்று அங்கே ஒரு சேலையும் வாங்கவில்லை. அத்தைக்குப் பிடித்த வாடாமல்லி நிறம் கிடைக்கவில்லை. முப்பது சேலைகளையும் அவள் மீண்டும் மடித்து அடுக்கவேண்டும் என்ற எண்ணம், கீழே வந்து வண்டியை எடுக்கும்போதுதான் நமக்கு உறைத்தது.

அன்றிரவு வீட்டில், முன்பு பார்த்த ஒரு திரைப்படத்தை மீண்டும் பார்த்தோம். வசந்தபாலன் இயக்கி, ஜெயமோகன் உரையாடல் எழுதி, 2010 மார்ச்சில் வெளிவந்த 'அங்காடித் தெரு'. திரைப்படத் திறனாய்வு இவ்விதழின் வழக்கமான பணியன்று என்பதை அறிவோம். எனினும் இப்படம் நம் சீமையைப் பற்றியது. அதன் மாந்தர் நம் பேருந்துகளில் நம்மோடு ஏறி இறங்கியவர்கள். அது வெளிவந்து ஆண்டுகள் பல கடந்துவிட்ட நிலையில், அது சொன்ன கதையின் களமே இடம்பெயர்ந்து நம் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே அதை மறுபடியும் எடைபோட்டுப் பார்ப்பதில் தவறில்லை என்று கருதினோம்.

கதை வாசகர்கள் பலரும் அறிந்ததே. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட தென்பகுதிச் சிற்றூர் ஒன்றில், நன்றாகப் படிக்கக்கூடிய ஜோதிலிங்கம் என்னும் இளைஞன், ஆளில்லாத இரயில்வே கடவையில் தந்தையைப் பறிகொடுக்கிறான். தாயும் இரு தங்கைகளும் அவன் தோளில் விழுகின்றனர். நண்பன் மாரிமுத்துவோடு சென்னை தியாகராய நகர் இரங்கநாதன் தெருவில் 'செந்தில்முருகன் ஸ்டோர்ஸ்' என்னும் பலமாடிக் கடைக்கு வேலைக்குச் செல்கிறான். அங்கே கனி என்னும் பெண்ணைச் சந்திக்கிறான். கருங்காலி என்னும் மேற்பார்வையாளனின் அடியும் வசையும், பந்திக்கு முந்தாவிட்டால் சோறு கிட்டாத உணவுக்கூடம், நெருக்கியடித்துப் படுக்கும் விடுதி, நிமிடக் கணக்கில் பிடிக்கப்படும் ஊதியம் என்று அவர்கள் நாள்கள் நகர்கின்றன. இறுதியில் நடைபாதையில் உறங்கும்போது ஏறிவரும் வண்டியொன்று கனியின் கால்களைப் பறித்துவிடுகிறது. அவளையே ஜோதிலிங்கம் மணக்கிறான்.

இப்படத்தின் ஆற்றல் எங்கே இருக்கிறது? அதன் காதலில் இல்லை என்பது நம் கருத்து. தமிழ்த் திரையில் காதலுக்குப் பஞ்சமில்லை. கடையின் முன்புறத்தை மட்டுமே கண்டு பழகிய நம்மை, படம் அதன் பின்புறத்துக்கு அழைத்துச் செல்கிறது, ஆற்றல் அங்கேதான். கண்ணாடி மினுக்கும் தளத்துக்கு மேலே ஈரம் கசியும் ஒரு மாடி. குளிரூட்டிய காற்றுக்குப் பின்னால் வியர்வை நாற்றம். மேலதிகாரி முன்னிலையில் தன் காதலை மறுத்துப் பேசுகிறான் ஒருவன். வேலை போய்விடும் என்ற அச்சம். அதைக் கேட்டு நின்ற பெண் அடுத்த கணம் மாடியிலிருந்து பாய்ந்து மாள்கிறாள். அக்காட்சியைப் பார்த்தபின் மாடிக் கடையொன்றின் கண்ணாடிச் சுவரை நாம் முன்போலப் பார்க்க இயலவில்லை. மனிதர் பயன்படுத்தத் தயங்கும் கழிப்பறையொன்றைத் தானே கழுவிச் சுத்தம் செய்து, வாசலில் அமர்ந்து காசு வாங்கிப் பிழைத்துக்கொள்ளும் ஒருவனையும் படம் காட்டுகிறது. நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தவர்கள் உண்டு. நமக்கோ, அத்தெருவில் தன் உழைப்புக்குத் தானே முதலாளியான மிகச் சில மனிதரில் ஒருவனாக அவன் தோன்றினான்.

தமிழில் அங்காடியைப் பாடியவர்கள் பண்டைக் காலந்தொட்டு உண்டு. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடுகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மணிக்கடை, பொற்கடை, அறுவை வீதி, கூல வீதி என்று கோவலனோடு நம்மையும் வீதி வீதியாக நடத்திச் செல்கிறது. அறுவை என்பது துணி; ஜவுளி என்ற சொல்லுக்கு முன் நம்மிடம் இருந்த சொல். கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் நாடாத வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. ஆனால் இவ்வீதிகளில் நாம் காண்பது பெரும்பாலும் பண்டமும் வணிகனும்தான். பண்டத்தை எடுத்துக் காட்டும் கூலியாளை அங்கே தேடிக் காண்பது அரிது. அவன் அன்று இருந்தானா, இருந்தும் கவியின் கண்ணில் படவில்லையா என்பது வேறு ஆராய்ச்சி. நம் மாபெரும் காப்பியமே, விற்பதற்காகக் கடைவீதிக்குச் சென்று திரும்பாத ஒருவனின் கதைதான். அப்படியிருந்தும் விற்பவனின் கால்களைப் பற்றிப் பேச நமக்கு 2010 வரை ஆயிற்று.

கால்களைப் பற்றி என்று நாம் சொல்வது உவமையாக அன்று. நம் இளமையில் டவுண் இரத வீதிகளில் இருந்த ஜவுளிக்கடைகளை மூத்த வாசகர்கள் நினைவுகூரலாம். கடையின் உள்ளே முழங்கால் உயரத்தில் ஒரு மேடை. அதன்மேல் மெத்தை; மெத்தையின்மேல் வெள்ளை விரிப்பு. செருப்பைக் கீழே கழற்றிவிட்டு நாம் மேடையில் ஏறி அமர்வோம். கடைக்காரரும் எதிரே சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். அலமாரியிலிருந்து துணி எடுத்துப் போடும் பையன் எழுவான், அமர்வான். துணி விரிவதும் பேரம் நடப்பதும் குடும்ப நலம் விசாரிப்பதும் அமர்ந்த நிலையிலேயே நிகழும். அங்கே எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டோம். அந்தப் பையன்களில் பலருக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. கடன் கணக்கில் ஏறிய துணிக்கு வட்டி எவ்வளவு என்று கேட்கும் துணிவு ஏழைகளுக்கு இருந்ததில்லை. எந்தச் சாதியார் மேடையில் அமரலாம், எவர் படியில் நின்று வாங்கவேண்டும் என்ற கணக்கும் சில கடைகளில் இருந்ததை மறைப்பதற்கில்லை. இன்றைய கடை அந்தக் கணக்கை அழித்தது. காசுள்ள எவரும் நாற்காலியில் அமரலாம். இது சிறிய மாற்றம் அன்று. ஆனால் வாங்குபவர் எல்லாரையும் உட்கார வைத்த அதே கடை, விற்பவர் எல்லாரையும் எழுப்பி நிறுத்திவிட்டது. உட்கார்ந்து துணி விற்ற ஊரில் நின்று விற்பது எப்போது விதியாயிற்று என்று எவரும் குறித்து வைக்கவில்லை.

இங்கே நம் ஊரின் மாற்றத்தைச் சற்றுப் பார்த்துவிடலாம். 1924-இல் நெல்லையில் தொடங்கப்பட்டது ஆரெம்கேவி. அதற்கு ஓராண்டு முன்னதாகத் திருவில்லிபுத்தூரில் நெசவாளர் போத்தி மூப்பனாரால் தொடங்கப்பட்டது போத்தீஸ். அது பின்னர் நெல்லைக்கும் வந்தது. இவை சென்னை வரை சென்று பெயர் பெற்றவை. சென்னையின் பெருங்கடைகள் பலவற்றைத் தொடங்கியவர்களும் நம் தென்மாவட்டத்தாரே. ஆகவே பெருங்கடை என்பது எங்கிருந்தோ வந்து நம்மேல் விழுந்த பொருளன்று. நம் மண்ணிலிருந்து சென்று, வளர்ந்து, திரும்பி வந்தது.

அது திரும்பி வந்து கால் ஊன்றிய இடம் வண்ணார்பேட்டை. சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டுவித்த பாலம் 1843-இல் திறக்கப்படும்வரை, ஜங்ஷன் பக்கத்தார் ஆற்றைக் கடந்து இக்கரை வர ஓடத்தையே நம்பியிருந்தனர். ஆற்றங்கரையில் துணி வெளுத்தவர்களின் பேட்டை என்பதே அப்பெயரின் பொருள். வெளுத்த துணி காய்ந்த கரைக்கு அருகே இன்று புதுத்துணி விற்கும் மாடிகள் எழுந்து நிற்கின்றன. பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர், கே.டி.சி. நகர் என்று பாளையங்கோட்டையைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகின. வயலாகவும் தரிசாகவும் கிடந்த இடங்களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அவ்வீடுகளுக்குப் பின்னால் கடைகள் வந்தன. ஜவுளிக்குப் பின் நகை, நகைக்குப் பின் மளிகைப் பேரங்காடி, கைப்பேசிக் கடை, அறைகலன் கடை. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தாமிரபரணி கரை மீறி வந்தபோது, ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பகுதிகளில் வெள்ளம் புகுந்து மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகமும் நீரில் நின்றது. ஆறு தன் பழைய இடத்தை ஒருமுறை அளந்து பார்த்துச் சென்றது என்று ஒரு முதியவர் நம்மிடம் சொன்னார். அதை இங்கே விரித்தால் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.

புதிய கடைகள் வந்ததால் விளைந்த நன்மையைச் சொல்லாமல் குறையை மட்டும் சொல்வது நேர்மையாகாது. 'அங்காடித் தெரு'வின் ஜோதிலிங்கம் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யவேண்டியிருந்தது. இன்று அவன் தங்கை நாங்குநேரியிலிருந்தோ சேரன்மகாதேவியிலிருந்தோ காலைப் பேருந்தில் ஏறி வேலைக்கு வந்து, இரவு தன் தாயின் கையால் உண்டு உறங்கலாம். விடுதி மாடியில் நெருக்கியடித்துக் கிடக்க வேண்டியதில்லை. கருங்காலிகள் இங்கேயும் இருக்கலாம். ஆனால் அண்ணனும் மாமனும் ஒரு மணிப் பயணத்தில் வந்து கேட்கக்கூடிய தொலைவில் இருக்கும்போது, கருங்காலியின் கை சற்றுத் தயங்கத்தான் செய்யும். படத்தில் அத்தனை கொடுமைக்கும் இடம் கொடுத்தது தொலைவுதான். தெருவில் எவரையும் தெரியாத தனிமைதான். படம் இதை வாய்விட்டுச் சொல்லவில்லையாயினும், காட்சிகளில் உணர்த்துகிறது. அதன் நுட்பங்களுள் இது ஒன்று.

இன்னொன்றும் உண்டு. இப்பெண்களின் தாய்மார் பலர் பீடி சுற்றியவர்கள். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் திண்ணையில் மடிமேல் சுளகை வைத்துக்கொண்டு, இலையை நறுக்கி, தூளை வைத்து, நூலைக் கட்டி, ஆயிரம் கணக்கு முடிக்கும்வரை எழாமல் இருந்தவர்கள். புகையிலைத் தூள் நெஞ்சில் படிய, முதுகு வளைய, உட்கார்ந்தே தேய்ந்தார்கள். அந்தத் திண்ணையை விட்டு மகள் எழுந்து வந்தாள். சீருடை அணிந்தாள், மாதச் சம்பளம் வாங்கினாள், நகரத்து மொழியில் பேசக் கற்றாள். அவள் கடைக்கு வந்ததை வீழ்ச்சி என்று எழுத நமக்கு மனமில்லை. தாய் உட்கார்ந்து இழந்ததை மகள் நின்று இழக்கிறாள் என்பதுதான் உறுத்துகிறது. நாள் முழுதும் நிற்பவரின் கால்களில் இரத்தம் மேலேறத் தவித்து நரம்புகள் புடைத்துச் சுருண்டுகொள்வதை மருத்துவர் எவரும் சொல்வர். இருபது வயதில் பழகிவிட்டது என்று சொல்லத் தோன்றும். நாற்பதில் கால்கள் அதற்கு வேறு விடை சொல்லும்.

இனி, படத்தின் குறைக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னோம். 'அங்காடித் தெரு' கொடுமையைக் கருங்காலியின் கையிலும் முதலாளியின் கணக்கிலும் வைத்துவிடுகிறது. வாங்குபவர் படம் முழுதும் ஒரு திரளாக மட்டுமே வருகிறார்கள். தெருவை நிறைக்கும் தலைகள். பைகளோடு நகரும் கைகள். அவர்களில் ஒருவருக்கும் முகமில்லை, பெயரில்லை, ஆசையில்லை. அத்தனை கூட்டம் ஏன் அங்கே வருகிறது, முப்பது சேலைகளை விரிக்கச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு எழுந்து போகிறவரின் மனம் எத்தகையது என்று படம் கேட்கவில்லை. விளைவு என்ன? நாம் திரையரங்கில் கருங்காலியை வெறுத்துவிட்டு, கனிக்காகக் கண்ணீர் சிந்திவிட்டு, மறுநாள் அதே தெருவில் தள்ளுபடி தேடி நடந்தோம். படம் நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. சாட்சி இருக்கையில் அமர்த்திவிட்டது.

இதே குறையை ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே தவிர்த்த ஒரு நாவல் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் எமில் சோலா 1883-இல் வெளியிட்ட 'ஓ பொன்னேர் தே தாம்'. பெண்டிரின் இன்பபுரி என்று தமிழில் பொருள் சொல்லலாம். (சோலாவின் நூல்கள் ஒரு காலத்தில் திருச்சபையின் தடைநூல் பட்டியலில் இருந்தவை. அப்பட்டியலே 1966-இல் கைவிடப்பட்டுவிட்டதால், வாசகர்கள் அச்சமின்றித் தொடரலாம்.) பாரிசின் 'லெ போன் மார்ஷே' போன்ற பேரங்காடிகளை நேரில் ஆராய்ந்து எழுதப்பட்ட நாவல் அது. பெற்றோரை இழந்த தெனீஸ் என்னும் பெண் தன் இரு தம்பிகளோடு நாட்டுப்புறத்திலிருந்து பாரிசுக்கு வருகிறாள். ஜோதிலிங்கத்துக்குத் தங்கைகள், தெனீசுக்குத் தம்பிகள். அவளும் பெருங்கடையில் வேலைக்குச் சேர்கிறாள். கூரைக்கு அடியில் உள்ள சிற்றறையில் உறங்குகிறாள். கடையின் உணவுக்கூடத்தில் உண்கிறாள். விற்பனை மந்தமான கோடையில் காரணமின்றி வெளியேற்றப்படுகிறாள். எதிரே அவள் பெரியப்பாவின் சிறிய துணிக்கடை நாளுக்கு நாள் இருண்டு மடிகிறது. குடை செய்து விற்கும் கிழவர் பூரா தம் இடத்தை எந்த விலைக்கும் தர மறுத்து நொடித்துப்போகிறார்.

இவ்வளவும் இருந்தும், சோலாவின் கண் மீண்டும் மீண்டும் திரும்புவது வாங்க வரும் சீமாட்டிகளின்மேல்தான். ஒருத்தி வேண்டாததையெல்லாம் வாங்கிக் கணவனின் சம்பளத்தைக் கரைக்கிறாள். பிரபு குலத்தவளான மற்றொருத்தி விலையுயர்ந்த சரிகை வேலைப்பாட்டைத் திருடிச் சிக்குகிறாள். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவளும் உண்டு. கடை முதலாளி மூரே அவர்கள் ஆசையை எப்படித் தூண்டுவது என்று கணக்கிடுகிறான். நாவலின் முடிவில் தெனீசை அவனுக்கே மணம் முடித்து வைத்தது சோலாவின் சறுக்கல் என்றே நமக்குப் படுகிறது. ஆயினும் முதலாளி, ஊழியர், வாங்குபவர் ஆகிய மூவரையும் ஒரே கூரையின் கீழ் நிறுத்தி, ஒருவரின் ஆசை மற்றவரின் முதுகில் எப்படி ஏறி அமர்கிறது என்பதை அவர் காட்டியதுபோலத் தமிழில் இன்னும் எவரும் காட்டவில்லை. வசந்தபாலன் முக்கோணத்தின் இரு முனைகளைத்தான் வரைந்தார்.

கனியின் கால்கள் போவதும் இங்கேதான் உறுத்துகிறது. கடை அவள் கால்களை நாள்தோறும் சிறுகச் சிறுகத் தின்றுகொண்டிருந்தது. அதுவே கதையின் உண்மை. ஆனால் முடிவில் அக்கால்களைப் பறிப்பதோ எங்கிருந்தோ தறிகெட்டு வந்த ஒரு வண்டி. விதி வந்து கடையின் குற்றத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டுவிட்டது. இரக்கத்தை மிகுவிக்கும் முடிவுதான். கேள்வியைக் குறைத்துவிடும் முடிவும்கூட.

படம் கேளாத கேள்வியைக் கேட்டவர்கள் வேறிடத்தில் இருந்தனர். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் பணிபுரிந்த பெண்கள், முதலில் கழிப்பறை கேட்டுத் தொடங்கிய போராட்டம் அது. விஜி என்ற தையல் தொழிலாளப் பெண்ணின் முன்முயற்சியில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பு உருவாயிற்று. கழிப்பறைக் கோரிக்கை நாளடைவில் உட்காரும் உரிமைக் கோரிக்கையாக வளர்ந்தது. திருச்சூரிலும் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடினர். கேரள அரசு 2018-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அதை அடுத்துத் தமிழகம். 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் புதிய பிரிவொன்றைச் சேர்க்கும் மசோதா 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. இந்திய மாநிலங்களில் இதைச் செய்த இரண்டாவது மாநிலம் நாம்.

உலகளவில் இது பழைய செய்தி. இங்கிலாந்தில் 1899-இலேயே, கடைகளில் மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. வணிக நிலையங்கள், அலுவலகங்கள் பற்றிய 1964-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழில் உடன்படிக்கை, போதிய இருக்கைகள் தரவேண்டும் என்பதோடு நில்லாமல், அவற்றைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் தரவேண்டும் என்றது. இருக்கை வேறு, உட்காரும் வாய்ப்பு வேறு என்பதை அந்த உடன்படிக்கையை எழுதியவர்கள் நன்கறிந்திருந்தனர் போலும்.

நம் சட்டப் பிரிவையும் ஓர் இலக்கிய வாசகத்தைப் படிப்பதுபோலப் படித்துப் பார்த்தோம். ஊழியர் எல்லாருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்கவேண்டும். பணியினூடே உட்கார வாய்ப்பு நேரும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளவேண்டும். வேலை நேரம் முழுதும் நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது. இதுவே அதன் சாரம். இதில் முதற்பகுதி தெளிவு. முக்காலி இருக்கவேண்டும், இருக்கிறது. இரண்டாம் பகுதியில்தான் சட்டத்தின் உயிர் ஊசலாடுகிறது. வாய்ப்பு நேர்ந்தது என்று தீர்மானிப்பவர் யார்? மேற்பார்வையாளரா, அந்தப் பெண்ணா? எதிரே வாடிக்கையாளர் இல்லாத வேளையே வாய்ப்பு என்றால், ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் நம் கிறிஸ்து பிறப்பு வாரத்திலும் அவ்வேளை வருவதில்லை. கூட்டமில்லாத பங்குனிப் பிற்பகலில் அவள் உட்காரலாம். ஆனால் அப்போதுதான், உட்கார்ந்திருப்பவளைக் கண்டால் விற்பனை இல்லாத கடை என்று தெருவில் போகிறவர் நினைப்பார் என்ற அச்சம் முதலாளிக்கு வருகிறது. நின்றுகொண்டிருப்பதே சுறுசுறுப்பு, அதுவே மரியாதை என்று நாமும் நம்புகிறோம். பெரியவர் முன் உட்காரலாகாது என்று பிள்ளைகளை வளர்த்தவர்கள் அல்லவா நாம்? அந்தப் பழைய மரியாதையைக் கடை எடுத்துக்கொண்டு, பெரியவர் என்ற இடத்தில் பணப்பையை வைத்துவிட்டது.

ஒரு நண்பர் இதைக் கேட்டு மறுத்தார். அவர் சிறுகடை நடத்துபவர். "நின்றால்தான் அலமாரியில் துணி எடுக்க முடியும், உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது இன்னும் வலி" என்றார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் பழைய மெத்தைக் கடையில் அதே துணியைத்தான் உட்கார்ந்து விற்றார்கள். பல நாடுகளில் பணம் பெறும் மேசைக்குப் பின்னால் ஊழியர் அமர்ந்தே பணியாற்றுகின்றனர். அதனால் அங்கே வணிகம் குறைந்துவிடவில்லை. மேசையின் உயரத்தையும் இருக்கையின் உயரத்தையும் ஒத்து அமைப்பது ஒரு தச்சருக்குப் பெரிய வேலையன்று. மாடிக்கு மாடி நகரும் படிகள் அமைக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமலிருக்காது.

சனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்பு, அத்தையின் பிடிவாதத்தால் அதே கடைக்கு மீண்டும் சென்றோம். வாடாமல்லி நிறம் வந்திருக்கும் என்பது அவர் நம்பிக்கை. அதே பெண் இருந்தாள்; எங்களை அடையாளம் கண்டுகொண்டாள். அத்தை நாற்காலியில் அமர்ந்ததும், "இன்னைக்கு நான் நெறத்தச் சொல்லிருதேன், நீ ஒண்ணு ஒண்ணா விரிக்காத தாயி" என்றார். பிறகு கையை நீட்டி, முக்காலியின் மேலிருந்த பெட்டிகளைக் காட்டினார். அந்தப் பெண் மேற்பார்வையாளர் நிற்கும் திசையை ஒருமுறை பார்த்தாள். பெட்டிகளை இறக்கிக் கீழே வைத்தாள். முக்காலியின் விளிம்பில், ஒரு கால் தரையில் ஊன்றியபடி, பாதி அமர்ந்தாள். இரண்டு சேலை பார்ப்பதற்குள் பக்கத்துப் பிரிவிலிருந்து யாரோ குரல் கொடுக்க, "வாரேன் ஆச்சி" என்று எழுந்து போனாள். அவள் திரும்பி வரும்வரை அத்தை தம் கைப்பையை அந்த முக்காலியின்மேல் வைத்து, வேறு எவரும் பெட்டி வைத்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.